அவுஸ்திரேலியாவின் செந்நிலப் பாலை

அவுஸ்திரேலியக் கண்டத்தின் படத்தை விரித்து நோக்குவோர் கண்ணில் முதற்கண் படுவது அதன் விளிம்பே. சிட்னி, மெல்பேண், அடிலெய்ட், பேர்த், டார்வின் என்னும் பெருநகரங்கள் யாவும் கடலோரத்தில் அமைந்தவை. நடுவே கிடப்பதோ பெயர்கள் அருகிக் காணப்படும் ஒரு பரந்த வெளி. ஏறக்குறைய எழுபத்தேழு இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அக்கண்டத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு வரள்நிலமும் அரை வரள்நிலமுமாகும். இலங்கையில் வரண்ட வலயம் என வழங்கும் பகுதியின் பெரும்பாகத்திலும் ஆண்டொன்றுக்கு 1,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அவுஸ்திரேலிய நடுநிலத்தின் பல பாகங்களில் அதிற் காற்பங்கு பெய்தாலே அது நல்ல ஆண்டு.

1906ஆம் ஆண்டில் நிலநூலறிஞர் ஜே. டபிள்யூ. கிரெகரி இந்நிலத்தைப் பற்றி எழுதிய நூலுக்கு ‘அவுஸ்திரேலியாவின் இறந்த இதயம்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அப்பெயர் நெடுங்காலம் நிலைத்தது. இன்றோ அந்நாட்டவர் அதனைச் ‘செந்நடுவம்’ என்ற பொருளில் அழைக்கின்றனர். ஆண்டுதோறும் உல்லாசப் பயணிகள் இலட்சக்கணக்கில் அங்கே செல்கின்றனர். நிலம் மாறவில்லை, அதனைப் பார்த்தவர் பார்வையே மாறியது. இறந்ததாகவும் வெறுமையானதாகவும் கருதப்பட்ட அந்நிலம், அங்கு வாழ்ந்தவர்களுக்கு ஒருநாளும் வெறுமையாய் இருந்ததில்லை. அங்கே காணத்தக்க காட்சிகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வகையில் இவ்வுண்மையோடு பிணைந்தே நிற்கின்றன.

பழந்தமிழர் பாலைக்கெனத் தனி நிலம் வகுத்திலர். முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையையே பாலை என்றனர். அக்கருத்து இந்நிலத்துக்கு வியப்பூட்டும் வகையிற் பொருந்துகிறது. சகாராவைப் போல மணற்கடலாக மட்டும் விரிந்த நிலம் அன்று இது. முட்புல்லும் வேலமர இனங்களும் மூடிய செம்மண் வெளி; இடையிடையே பழைய மலைத்தொடர்கள்; மணல் மட்டுமே ஓடும் ஆறுகள். பல மாதம் வரண்டு கிடந்த அவ்வெளியில் ஒருமுறை பெருமழை பெய்துவிட்டால், சில வாரங்களுள் செம்மண் தெரியாவண்ணம் வெண்மையும் மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கள் பரந்துவிடும். பின்னர் மீண்டும் பாலை.

இந்நிலத்தை அறியாது புகுந்தோர் பட்ட பாட்டுக்கு 1860ஆம் ஆண்டு மெல்பேணிலிருந்து புறப்பட்ட பேர்க், வில்ஸ் என்போரின் பயணமே பெருஞ்சான்று. கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கே கடப்பது அவர்கள் நோக்கம். கராச்சியிலிருந்து கப்பலேற்றி வந்த ஒட்டகங்களும், வண்டி வண்டியாய்ப் பொருள்களும் உடன் சென்றன. கூப்பர் ஓடையருகே ஒரு பகுதியினரை நிறுத்திவிட்டு, பேர்க், வில்ஸ், கிங், கிரே என்னும் நால்வர் மட்டும் வடகடல் நோக்கி விரைந்தனர். வடகரையின் சதுப்புநிலம் வரை சென்று திரும்புகையில் கிரே வழியில் மாண்டார். எஞ்சிய மூவரும் 1861ஆம் ஆண்டு ஏப்பிரில் 21ஆம் நாள் மாலையில் ஓடைப் பாசறையை அடைந்தபோது அங்கே ஒருவரும் இலர். நான்கு மாதத்துக்கு மேற் காத்திருந்த குழுவினர் அன்று காலையிலேதான் அவ்விடத்தை விட்டு அகன்றிருந்தனர். தோண்டுக என்று பொறிக்கப்பட்ட ஒரு மரத்தின் அடியிற் சிறிது உணவு மாத்திரம் புதைந்து கிடந்தது.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இவ்விடத்தோடு பெருமூச்சு விட்டு நிறுத்திவிடுவர். அதன் மெய்யான பாடமோ இதற்குப் பின்னரே தொடங்குகிறது. கூப்பர் ஓடை வரண்ட இடமன்று; மீன் நிறைந்த நீர்நிலைகள் உள்ள இடம். அங்கே யந்துருவந்தா என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். அவர்கள் அந்நியர்க்கு மீனும் ‘நார்டூ’ என்னும் மாவில் சுட்ட அப்பமும் தந்தனர். நார்டூ என்பது தமிழர் வயலோரங்களில் முளைக்கும் ஆரைக்கீரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு நீர்ப்பன்னம்; அதன் விதைபோன்ற காய்களை இடித்து மாவாக்குவர். ஆனால் அம்மக்கள் அதனை வாளாவே இடித்து உண்பதில்லை. நீர் சேர்த்தும் தீயிற் பக்குவப்படுத்தியுமே உண்பர். பேர்க் அம்மக்களை ஐயுற்றுத் துப்பாக்கியால் வெருட்டினார். பின்னர் மூவரும் தாமாகவே நார்டூவைப் பொறுக்கி இடித்து நாள்தோறும் உண்டனர். உண்ண உண்ண மெலிந்தனர். பக்குவஞ் செய்யாத அக்காயில் உடலிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் உண்டென்றும், அவர்களை வருத்தியது பெரிபெரி நோயாக இருக்கலாமென்றும் பின்னாளில் ஆராய்ந்தோர் கருதுகின்றனர். அந்நோயின் பெயர் ‘இயலாது’ என்று பொருள்படும் சிங்களச் சொல்லினின்று பிறந்ததென்பர். வயிறு நிறைய உண்டும் எழுந்து நடக்க இயலாத நிலையில் பேர்க்கும் வில்ஸும் மாண்டனர். கிங் மட்டும் யந்துருவந்தா மக்களைத் தேடிச் சென்று அவர்களோடு தங்கினார். செப்ரெம்பர் மாதத்தில் மீட்புக்குழுவினர் வந்தபோது உயிரோடிருந்தவர் அவர் ஒருவரே.

இப்பயணத்துக்கு அடுத்த ஆண்டில், 1862 யூலை மாதத்தில், ஜோன் மக்டூவல் ஸ்டுவட் என்பவர் சிறு குழுவொன்றோடு கண்டத்தைக் கடந்து வடகரையை அடைந்து உயிரோடு திரும்பினார். இவர் பயணத்தின் தென்பகுதிக்குத் துணையாயிருந்தவை நிலத்தடியிலிருந்து பொங்கும் ஊற்றுக்களின் வரிசையாகும். நடுநிலத்தின் கிழக்கே, நிலத்தின் அடியில் ஏறக்குறைய பதினேழு இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்பில் ஒரு மாபெரும் நீர்த்தேக்கம் பாறைகளிடையே அடங்கிக் கிடக்கிறது. கிழக்கு மலைகளிற் பெய்த மழை மணற்பாறைகளினூடே மெல்ல ஊர்ந்து, இலட்சக்கணக்கான ஆண்டுகள் கழித்து, வரண்ட தெற்கு மேற்கு ஓரங்களில் ஊற்றாக வெளிப்படுகிறது. அந்நீரிலுள்ள உப்பும் மணலும் படிந்து படிந்து சிறு மேடுகளாக உயர்ந்துள்ளமையால் அவற்றை மேட்டூற்றுக்கள் என்பர். டல்ஹௌசி ஊற்றில் வெதுவெதுப்பான நீர் குளம்போற் பரந்து கிடக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வரண்ட வெளியைக் கடந்து வரும் பயணி அக்குளத்தில் இறங்கி நீராடலாம். பழங்குடி மக்களின் வணிகப் பாதைகள் ஊற்றிலிருந்து ஊற்றுக்கே சென்றன. ஸ்டுவட் அவ்வழியே நடந்தார். அவருக்குப் பின் தந்திக் கம்பியும், ஒட்டகமும், புகையிரதமும் அவ்வழியையே தொடர்ந்தன.

தந்திக் கம்பியின் வரலாறு தனியே சொல்லத் தக்கது. சாள்ஸ் ரொட் என்பவரின் மேற்பார்வையில் தென்கரையின் போட் ஒகஸ்ராவிலிருந்து டார்வின் வரை 3,200 கிலோமீற்றர் தொலைவுக்குத் தூண்கள் நாட்டப்பட்டு, 1872 ஓகஸ்ட் மாதத்தில் கம்பி இணைக்கப்பட்டது. டார்வினிலிருந்து கடலடிக் கம்பி ஜாவாவுக்குச் சென்றது. அங்கிருந்து சிங்கப்பூர், சென்னை முதலிய இடங்களின் வழியாகச் செய்தி இலண்டனை அடைந்தது. கப்பலில் மாதக் கணக்காகச் சென்ற செய்தி மணிக்கணக்கிற் செல்லத் தொடங்கியது. கண்டத்தின் நடுவே அமைந்த தந்தி நிலையத்தருகே காணப்பட்ட நீர்நிலைக்கு ரொட் அவர்களின் மனைவியார் பெயரால் அலிஸ் ஊற்று என்று பெயரிட்டனர். உண்மையில் அஃது ஊற்றன்று. ஆற்று மணலின் கீழுள்ள கருங்கற் பாறையில் தேங்கி நின்ற நீரேயாகும். அப்பிழைப்பெயரே பின்னர் அலிஸ் ஸ்பிறிங்ஸ் என்று நகருக்கும் நிலைத்தது. அரண்டா மக்கள் அவ்விடத்தை மபான்ற்வே என்பர். பழைய கல்லாலான தந்தி நிலையம் இன்றும் அங்கே காட்சிக்குரியதாய்ப் பேணப்படுகிறது.

அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரின் நடுவே ரொட் ஆறு செல்கிறது. செல்கிறது என்பது மரியாதைக்காகச் சொல்வது. ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே இருப்பது மணலே. 1962ஆம் ஆண்டு தொட்டு அவ்வாற்றில் ஒரு படகுப் போட்டி நடந்து வருகிறது. அடித்தட்டு இல்லாத படகுகளுக்குள் நின்று அவற்றைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடுவதே போட்டி. 1993ஆம் ஆண்டில் அப்போட்டியை நடத்த முடியாது போயிற்று: ஆற்றில் நீர் வந்துவிட்டது!

ஊற்று வழியே பொருள் கொண்டு சென்றவர்கள் ஒட்டகக்காரர்கள். ஆப்கானிஸ்தான், பலூச்சிஸ்தான், சிந்து, பஞ்சாப் முதலிய இடங்களிலிருந்து வந்த இவர்களை எல்லாம் ஆப்கானியர் என்றே பொதுவாக அழைத்தனர். தந்தித் தூண்களும், மாவும், தேயிலையும், ஆட்டு மயிர்ப் பொதிகளும் இவர்களுடைய ஒட்டகங்களின் மீதே சென்றன. மறீ என்னும் ஊரில் அவர்கள் எழுப்பிய மண்பள்ளிவாசல் அக்கண்டத்தின் முதற் பள்ளிவாசல்களில் ஒன்று. 1920களில் மோட்டார் வண்டிகள் வந்ததும் இவர்களுடைய தொழில் அழிந்தது. அவிழ்த்துவிடப்பட்ட ஒட்டகங்கள் பெருகிக் காட்டு விலங்காயின. 1929இல் அலிஸ் ஸ்பிறிங்ஸை அடைந்த புகையிரதத்துக்கு ஆப்கானியர் நினைவாகவே ‘கான்’ என்ற பெயர் வழங்கலாயிற்று என்பது பலரும் கூறும் விளக்கம். அப்பழைய பாதை பாலையிற் சென்றபோதிலும் வெள்ளத்தால் அடிக்கடி அறுந்தது. ஆதலால் 1980இல் மேற்கே புதிய பாதை போடப்பட்டது. 2004ஆம் ஆண்டில் அது டார்வின் வரை நீண்டது. இன்று கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்க விரும்பும் பயணி வண்டியின் சாளரத்தருகே அமர்ந்தவாறே கடக்கலாம்.

வானொலி நேயர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தியொன்றும் இந்நிலத்துக்கு உண்டு. அண்டை வீடு நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் பண்ணைகளில் நோயுற்றோர்க்கு மருத்துவரை அழைக்க வழியில்லாதிருந்தது. 1928இல் ஜோன் பிளின் என்னும் சமயத் தொண்டரின் முயற்சியால் விமான மருத்துவ சேவை தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் அல்பிரட் றேகர் என்பவர், துவிச்சக்கர வண்டியின் மிதிபோன்ற அமைப்பைக் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கி இயக்கும் வானொலிக் கருவியை அமைத்துக் கொடுத்தார். அதே அலைகளின் வழியாக 1951இல் அலிஸ் ஸ்பிறிங்ஸில் வானொலிப் பாடசாலை திறக்கப்பட்டது. ஆசிரியர் நகரில் இருந்து பேச, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தொலைவிலிருந்த சிறுவர்கள் விடை கூறினர். இப்பொழுது அப்பாடசாலை செய்மதி வழியே நடக்கிறது. பயணிகள் அங்கே சென்று பாடம் நடப்பதைக் காண்பதற்கும் ஏற்பாடுண்டு.

நகரின் மேற்கே மக்டொனெல் மலைத்தொடர் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. அதன் இடுக்குகளில் ஆறுகள் அறுத்த செங்குத்துப் பிளவுகளும், அவற்றினடியில் ஒருபொழுதும் வெயில் நேரே படாத குளிர்ந்த குளங்களும் உள. உலகின் மிகப் பழைய ஆறுகளுள் ஒன்றெனக் கருதப்படும் பின்க் ஆற்றின் ஒரு கிளையில் பனைப் பள்ளத்தாக்கு என்னும் இடம் இருக்கிறது. செந்நிறப் பாறைகளிடையே விசிறி ஓலைகளையுடைய உயர்ந்த மரங்கள் கூட்டமாக நிற்பதைக் காணும் யாழ்ப்பாணத்தார்க்கு ஊர் நினைவு வருதல் கூடும். பனையின் குடும்பத்து மரமேயெனினும் பனை அன்று அது. பாலை நடுவே அம்மரம் வந்தது எவ்வாறு? பண்டை மழைக்காடுகள் அழிந்தபின் எஞ்சிய எச்சம் என்றே அறிஞர் பல காலம் கருதினர். 2012இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியோ, ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் வடக்கே மற்றரங்காவில் வளரும் மரத்திலிருந்து இது பிரிந்து ஏறக்குறைய பதினையாயிரம் ஆண்டுகளே ஆயின எனக் காட்டியது. மனிதரே விதைகளைக் கொணர்ந்திருத்தல் வேண்டும் என்ற கருத்தையும் முன்வைத்தது. பின்னர் பழைய ஏடுகளைப் புரட்டியபோது ஒரு செய்தி வெளிப்பட்டது. வடக்கிலிருந்து தெய்வங்கள் விதைகளைக் கொண்டு வந்தன என்று அரண்டா மக்கள் கூறிய கதையைக் காள் ஸ்ரெலோ என்னும் ஜெர்மானியப் பாதிரியார் 1894ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருந்தார்.

அப்பாதிரியார் பணியாற்றிய ஹேர்மன்ஸ்பேக் என்னும் மிஷன் ஊரிலேதான் 1902இல் அல்பேட் நமட்ஜிரா பிறந்தார். வெண்பட்டை மரங்களையும் ஊதா மலைகளையும் செம்மண்ணையும் நீர்வண்ணத்தில் தீட்டிய இவர் ஓவியங்களாலேயே கடலோர நகரத்தார் பலர் தம் நாட்டின் நடுநிலம் அழகியதென்று முதன்முதற் கண்டுகொண்டனர். அவர் புகழ் உலகெங்கும் பரவிய காலத்திலும் சொந்த மண்ணில் அவருக்குக் குடியுரிமை முழுமையாக இருக்கவில்லை; 1957இலேதான் அது கிடைத்தது. அவருடைய உறவினர்க்கோ கிடைக்கவில்லை. உறவினர்க்கு மது கொடுத்த குற்றத்துக்காக அவர் காவலில் வைக்கப்பட்டார். விடுதலையான சில மாதங்களில், 1959 ஓகஸ்ட் மாதத்தில், காலமானார். இன்று அவ்வழியே செல்லும் பயணிகள் அவர் தீட்டிய மலைகளை அடையாளங் கண்டு வண்டியை நிறுத்துகின்றனர்.

தெற்கே செல்வோர்க்கு ஏயர் ஏரி உண்டு. அரபானா மக்கள் இட்ட பெயரையும் சேர்த்து 2012 முதல் கட்டி தண்டா ஏயர் ஏரி என்பர். கடல் மட்டத்துக்குப் பதினைந்து மீற்றர் தாழ்ந்த இவ்வேரியின் பரப்பு ஏறக்குறைய 9,500 சதுர கிலோமீற்றர். இலங்கையின் ஏழிலொரு பங்கு எனலாம். கண்டத்தின் ஆறிலொரு பாகத்து ஆறுகள் இதனை நோக்கியே ஓடுகின்றன; ஆயினும் பெரும்பாலும் வழியிலேயே வற்றிவிடுகின்றன. எனவே ஏரி வழக்கமாக வெண்ணிற உப்புத் தளமாய்க் கிடக்கும். அதன் சமதளத்தில் 1964இல் டொனல்ட் கம்பெல் மணிக்கு 403 மைல் வேகத்தில் காரோட்டி உலக சாதனை நிகழ்த்தினார். அதற்கு முந்திய ஆண்டில் மழையால் அவர் முயற்சி தடைப்பட்டமையும் குறிப்பிடத்தக்கது. தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் வாரக்கணக்காக ஊர்ந்து வந்து ஏரியில் நிறையும்போது, கடலோரக் கூழைக்கடாக்கள் ஆயிரமாயிரமாகப் பறந்து வந்து அங்கே குஞ்சு பொரிக்கின்றன. நீர் வந்த செய்தியை அவை எவ்வாறு அறிகின்றன என்பதற்கு அறிவியலார் இன்னும் முடிந்த விடை கூறவில்லை.

கூபர் பீடி என்னும் ஊரையும் பயணிகள் தவறவிடார். 1915இல் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே ஒப்பல் மணிக்கல்லைக் கண்டெடுத்தான். மணிக்கல் தேடித் தோண்டிய குழிகளையே மக்கள் வீடாக்கிக்கொண்டனர். வெளியே வெயில் நாற்பது பாகையைக் கடந்து கொளுத்தும்போதும் நிலத்தடி வீட்டில் இதமான தட்பமே நிலவும். தேவாலயங்களும் விடுதிகளும் நிலத்தடியிலே உள்ளன.

இனி, இந்நிலத்தின் பெயரைக் கேட்ட மாத்திரத்தே யாவர்க்கும் நினைவில் எழுவது உலுரு என்னும் பாறை. அலிஸ் ஸ்பிறிங்ஸுக்கு அருகில் இருப்பதாகப் பலர் எண்ணுவர். வீதிவழி 450 கிலோமீற்றர் செல்லவேண்டும். சமவெளியில் 348 மீற்றர் உயர்ந்து, அடியைச் சுற்றிவர 9.4 கிலோமீற்றர் நடக்கவேண்டிய ஒற்றைப் பாறை. ஒருகாலத்தில் கிடையாகப் படிந்த மணற்படைகள் புவியின் அசைவால் ஏறக்குறைய நெட்டுக்குத்தாகத் திரும்பி நிற்கின்றன. பாறையின் உள்நிறம் சாம்பலே; வெளியே காணும் செம்மை, கல்லிலுள்ள இரும்பு காற்றும் நீரும் பட்டுத் துருவேறியதால் வந்தது. விடியலிலும் மாலையிலும் அத்துருவின்மீது சாய்ந்த ஒளி விழும்போது பாறை தணல்போல் ஒளிர்கிறது. மேற்கே கட்டா ஜுட்டா என்னும் முப்பத்தாறு குவிமலைகள் உள்ளன. ‘பல தலைகள்’ என்பது அப்பெயரின் பொருள். அவற்றுள் உயர்ந்தது உலுருவினும் இருநூறு மீற்றர் அளவு ஓங்கியது. ஆயினும் புகழ் முழுவதையும் உலுருவே கொண்டுவிட்டது.

1873இல் வில்லியம் கொஸ் என்பவர் இப்பாறையைக் கண்டு, தென் அவுஸ்திரேலியாவின் அமைச்சர் ஒருவர் பெயரால் எயர்ஸ் பாறை என்றார். அனாங்கு மக்களுக்கோ அது முன்னோர் செயல்கள் கல்லாய் உறைந்த இடம். ஒவ்வொரு வெடிப்புக்கும் குகைக்கும் கதையும் அக்கதையோடு ஒட்டிய கடமையும் உண்டு. பயணிகள் பெருகியபின் ஏறுவோர் பிடிப்பதற்காக 1964இல் பாறையிற் சங்கிலி பூட்டப்பட்டது. அவ்வேறுபாதை மாலா என்னும் சிறு கங்காரு இனத்து முன்னோர் சென்ற புனித வழியாகும். ஏறியோருள் முப்பதுக்கு மேற்பட்டோர் விழுந்தும் இதயம் நின்றும் மாண்டனர். தம் நிலத்துக்கு வந்த விருந்தினரைக் காப்பது தம் பொறுப்பு என்று கருதும் அனாங்கு மக்களுக்கு ஒவ்வொரு சாவும் தம் வீட்டுத் துக்கமாயிற்று. சிவனொளிபாத மலையில் ஏறுவதே வழிபாடாகும். உலுருவிலோ ஏறாதிருப்பதே வழிபாடு. இவ்வேறுபாடு வந்தவர்க்கு எளிதில் விளங்கவில்லை.

1985 ஒக்ரோபர் 26ஆம் நாள் அரசு அந்நிலத்தின் உரிமையை அனாங்கு மக்களிடம் ஒப்படைத்தது. அவர்கள் அதனைத் தேசியப் பூங்காவாகத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தனர். ஆனால் ஏறுதலைத் தடுப்பதாக முன்னர்க் கூறப்பட்டிருந்த வாக்கு அப்போது நிறைவேறவில்லை. உரிமை பெற்றவர்கள் தடைசெய்யாது, ஏறவேண்டா என்று பலகை எழுதி வைத்து வேண்டிக்கொண்டனர். அவ்வேண்டுகோளைப் படித்துவிட்டு ஏறியோர் முதலிற் பலர். ஆண்டுகள் செல்லச் செல்ல அத்தொகை ஐந்தில் ஒருவருக்கும் குறைவாயிற்று. 2017இல் பூங்கா நிர்வாகச் சபை ஒருமனதாக முடிவு செய்தது. கடைசி மாதங்களில் நீண்ட வரிசையாய் வந்து ஏறினார்கள் என்பதும் உண்மையே. உரிமை ஒப்படைத்த அதே நாளில், 2019 ஒக்ரோபர் 26இல், ஏறுபாதை என்றென்றைக்குமாக மூடப்பட்டது. சங்கிலியும் அகற்றப்பட்டது.

இப்பொழுது செல்வோர் பாறையைச் சுற்றி நடக்கின்றனர். மே முதல் செப்ரெம்பர் வரையுள்ள குளிர்காலமே உகந்தது. பகல் இதமாயிருக்கும், இரவில் நீர் உறையவும் கூடும். சுற்றுவழியிற் சில இடங்களில் நிழற்படம் பிடித்தல் ஆகாது எனப் பலகைகள் உள. அவை ஆடவர்க்கோ பெண்டிர்க்கோ மட்டும் உரிய மறையிடங்கள். முட்டிஜுலு குளத்தருகே வற்றாத நிழலும் பழைய குகை ஓவியங்களும் உண்டு. மழை பெய்யும் நாளில் அங்கிருக்க வாய்த்தால், பாறையெங்கும் வெள்ளிக் கோடுகளாக அருவிகள் விழும் காட்சியைக் காணலாம்; மழை நின்ற சிறிது நேரத்தில் அவை மறைந்துவிடும். நினைவுக்கென எடுத்துச் சென்ற கற்களை வருத்தந் தெரிவிக்கும் கடிதங்களோடு அஞ்சலில் திருப்பி அனுப்புவோர் உலகெங்கும் இருக்கின்றனர். பூங்கா அலுவலகத்துக்கு அத்தகைய பொதிகள் வந்தவண்ணம் உள. மேற்குச் சரிவில், பல்லாயிரம் பாதங்கள் தேய்த்த ஏறுபாதை இன்னும் வெளிறிய கோடாகத் தெரிகிறது. துரு மீண்டும் ஏறி அக்கோடு மறைய நெடுங்காலம் செல்லும்.